கடைத் தேங்காயும் கட்சிப் பெட்டியும்

கரிசல் மண்ணைப் பற்றிப் பசுவந்தனைக்காரனுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. மழை விழுந்தால் உப்பும்; வெயில் ஏறினால் வெடிக்கும்; ஈரத்தில் காலை வைத்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும்; கோடையில் வெடிப்புக்குள் கை நுழையும். பருத்தி போட்டவனுக்குத் தெரியும். கம்பு விதைத்தவனுக்குத் தெரியும். உளுந்தும் பாசியும் விதைத்தவனுக்குத் தெரியும். அந்த மண்ணின் மேல் சாலை போட வருகிற காண்ட்ராக்டருக்கும் தெரியும். கரிசலின் மேல் நேரே ஜல்லியைக் கொட்டித் தாரை ஊற்றினால் நிற்காது. அடியில் நல்ல சரளை மண்ணைச் சொன்ன கனத்துக்குப் பரப்ப வேண்டும். தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும். அதற்கு மேல்தான் ஜல்லி. அதற்கும் மேல்தான் தார்.

மேலே நின்று பார்க்கிறவன் கண்ணுக்கு எல்லாச் சாலையும் ஒரே கறுப்பு! அடியில் எத்தனை அங்குலம் இருக்கிறது என்பதை ஐப்பசி மழைதான் அம்பலப்படுத்தும்.

தேர்தல் நிதியும் அப்படித்தான், தோழர்களே! மேடையில் அறிவிக்கும்போது எல்லாப் பணத்துக்கும் ஒரே நிறம். உழைப்பாளி உண்டியலில் போட்ட பத்து ரூபாயும் பணம். ஊர்ச் சாலையில் அங்குலத்தைக் குறைத்து மிச்சம் பிடித்த பத்து லட்சமும் பணம். ரசீதுப் புத்தகத்துக்கு இரண்டும் வரவு. ஆனால் நாட்டுக்கு? முன்னது வரவு, பின்னது செலவு!

அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்து பிழைக்கிறவர், அந்த அரசாங்கத்தை இன்று நடத்துகிற கட்சிக்கோ, நாளை நடத்தப்போகிற கட்சிக்கோ நன்கொடை தரலாமா? அவரிடம் கூலிக்கு வேலை செய்கிற தொழிலாளி தரலாமா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் நம் நாட்டுச் சட்டம் என்ன பதில் சொல்கிறது என்று பார்த்தால், அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஒரு சாலை, மூன்று மனிதர்கள்

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனைக்கு வருகிற சாலை என்றே வைத்துக்கொள்வோம். வேலை நடக்கிறது. மூன்று பேர் நிற்கிறார்கள்.

முதலாமவர், வேலையை மேற்பார்க்க வந்த அரசாங்க ஊழியர். மாதச் சம்பளக்காரர். அவருக்கு ஒரு கட்சியின் மேல் பற்று உண்டு. தம் சொந்தச் சம்பளத்திலிருந்து பத்தே ரூபாயை எடுத்து, அந்தக் கட்சியின் உண்டியலில் போடலாமா? கூடாது! மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964 ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் குறுக்கே நிற்கின்றன. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 1973 ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் குறுக்கே நிற்கின்றன. வாக்களிக்கலாம்; வாய் திறக்கக் கூடாது; பணம் கொடுக்கவே கூடாது. ஏனென்றால் அவர் மக்கள் பணத்தில் சம்பளம் வாங்குகிறவர். கட்சிச் சார்பற்றவராக இருக்க வேண்டியவர். சரி, ஒப்புக்கொள்வோம்.

இரண்டாமவர், காண்ட்ராக்டர். அவரும் மக்கள் பணத்தில்தான் வாழ்கிறார். மாதச் சம்பளம் அல்ல, கோடிக்கணக்கில் பில். அவருக்கு என்ன விதி? மாநில அரசாங்கத்தோடு ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும்வரை அவர் சட்டமன்றத்துக்கும், மத்திய அரசாங்கத்தோடு இருக்கும்வரை நாடாளுமன்றத்துக்கும் போட்டியிட முடியாது. 1951 ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலேயே இருந்த தடை இது. 1966 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 9ஏ என்ற பிரிவாக நிற்கிறது. வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒரே ஆளாக இருந்தால் கணக்குப் பார்ப்பது யார் என்ற நல்ல எண்ணத்தில் எழுதப்பட்ட பிரிவு. பாராட்டுவோம்.

ஆனால், அதே சட்டத்தில் கொஞ்சம் தள்ளிப் போய் 29பி என்ற பிரிவைப் படித்துப் பாருங்கள். எந்த நபரிடமிருந்தும், எந்தக் கம்பெனியிடமிருந்தும் கட்சிகள் நன்கொடை வாங்கலாம். அரசாங்கக் கம்பெனியிடமிருந்து மட்டும் வாங்கக் கூடாது என்கிறது அது. அந்நிய நாட்டுப் பணத்துக்கும் தடை உண்டு. கம்பெனிகள் சட்டத்தின் 182 ஆம் பிரிவும் அரசாங்கக் கம்பெனி கொடுக்கக் கூடாது, மூன்று ஆண்டு நிரம்பாத கம்பெனி கொடுக்கக் கூடாது என்கிறது. அரசாங்கக் காண்ட்ராக்டர் கொடுக்கக் கூடாது என்று இரண்டு சட்டங்களில் ஒன்றுகூடச் சொல்லவில்லை!

என்னே விந்தை! அரசாங்கத்துக்குச் சொந்தமான கம்பெனி தரக் கூடாது. அரசாங்கத்தையே நம்பி வாழும் கம்பெனி தரலாம்! சாலையைப் பார்வையிட வந்தவர் பத்து ரூபாய் தந்தால் குற்றம். சாலையைப் போட்டவர் பத்துக் கோடி தந்தால் நன்கொடை! காண்ட்ராக்டர் வேட்பாளராக நிற்கக் கூடாது. பத்து வேட்பாளர்களை நிறுத்திவைக்கப் பணம் தரலாம்! முன் வாசலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கொல்லைப்புறக் கதவைக் கழற்றி வைத்த கதையல்லவா இது?

மூன்றாமவர், ரோலர் ஓட்டுகிறவர். அல்லது ஜல்லி சுமக்கும் சித்தாள், வேலை வாங்கும் மேஸ்திரி, பில் எழுதும் கணக்குப்பிள்ளை. இவர்கள் அரசாங்க ஊழியர் அல்லர். ஆகவே அந்த நடத்தை விதி இல்லை. காண்ட்ராக்டரும் அல்லர், ஆகவே அந்தத் தடையும் இல்லை. தம் காசில் தமக்குப் பிடித்த கட்சிக்குத் தரலாம். அது குடிமகனின் உரிமை. அதில் யாரும் கைவைக்கக் கூடாது. ஆனால் முதலாளி சொல்கிற கட்சிக்குத் தர வேண்டும் என்று நெருக்கினால்? முதலாளியின் பணத்தை இவர் பெயரில் எழுதினால்? அங்கேதான் சட்டம் வாய் மூடி நிற்கிறது.

யார் வீட்டுத் தேங்காய்?

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கிறான் என்று நம் பெரியவர்கள் ஒரு பழமொழி வைத்தார்கள். பிள்ளையாரை நம்புகிறவனும் நம்பாதவனும் ஒப்புக்கொள்கிற பழமொழி. தேங்காய் கடைக்காரனுடையது, புண்ணியம் உடைத்தவனுக்கு!

காண்ட்ராக்டர் தரும் நன்கொடை எந்தக் கடைத் தேங்காய்? தோட்டத்தில் விளைந்ததா? பாட்டனார் விட்டுச் சென்ற சொத்தா? அரசாங்கத்திடமிருந்து வாங்கிய பில் தொகையில் ஒரு பகுதி. அந்தப் பில் தொகை எங்கிருந்து வந்தது? கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலையில் வேலை முடித்து வருகிறவள் கடையில் வாங்கும் சோப்புக்கும் எண்ணெய்க்கும் தருகிற வரியிலிருந்து வந்தது. நம்மிடம் வரியாக வாங்கி, காண்ட்ராக்டரிடம் பில்லாகக் கொடுத்து, கட்சியின் பெட்டிக்கு நன்கொடையாகத் திரும்புகிற பணம் அது. மூன்று கை மாறியதால் அதன் மேல் ஒட்டியிருந்த நம் பெயர் அழிந்துவிடுமா?

காண்ட்ராக்டர் முட்டாள் அல்ல. கொடுத்ததை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். எங்கிருந்து எடுப்பார்? எஸ்டிமேட்டைக் கூட்டி எடுக்கலாம். சரளையைக் குறைத்து எடுக்கலாம். கூலியைப் பிடித்து எடுக்கலாம். கூட்டினால் கஜானாவுக்குச் சேதம். குறைத்தால் சாலைக்குச் சேதம். பிடித்தால் தொழிலாளிக்குச் சேதம். வழி எதுவானாலும் நஷ்டப்படுகிறவர் நாம்தான்.

சாலை ஒன்றைச் சொன்னேன். அனல் மின் நிலையமும் துறைமுகமும் உள்ள மாவட்டம் இது. ஒப்பந்தத் தொழிலாளி என்ற சொல்லுக்கு விளக்கம் கேட்கத் தேவையில்லாத மாவட்டம். கண்மாய்க் கரையானாலும், பள்ளிக் கட்டிடமானாலும், குடிநீர்க் குழாயானாலும் கதை ஒன்றே.

அறுபது ஆண்டுக்கு மேலான ஆட்டம்

இந்தக் கேள்வி புதிதல்ல. 1957 ஆம் ஆண்டில் டாட்டா இரும்பு எஃகுக் கம்பெனி, அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை தருவதற்கு வசதியாகத் தன் அமைப்பு விதிகளைத் திருத்திக்கொண்டபோது, வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா, அன்றைய சட்டப்படி அதைத் தடுக்க முடியவில்லை என்றாலும், பெரும் பணம் அரசியலில் புகுந்தால் ஜனநாயகத்துக்கு வரும் ஆபத்தை எச்சரித்தார். 1960 இல் சட்டம் வந்தது: 25,000 ரூபாய், அல்லது சராசரி லாபத்தில் நூற்றுக்கு 5, இரண்டில் எது பெரிதோ அதுவரை தரலாம் என்று. 1964 இல், க. சந்தானம் தலைமையிலான ஊழல் தடுப்புக் குழு கம்பெனி நன்கொடையே கூடாது என்றது. 1969 இல் முழுத் தடை வந்தது. 1985 இல் தடை போயிற்று. 2013 இல் உச்சவரம்பு மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு ஏழரை ஆயிற்று. 2017 இல் அந்த வரம்பையும் அடியோடு எடுத்தார்கள். 2018 ஜனவரியில் தேர்தல் பத்திரம் என்ற முகமூடி வந்தது.

முகமூடிதான்! கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று குடிமகன் அறியக் கூடாது. பத்திரம் விற்ற ஸ்டேட் வங்கி மட்டும் அறியலாம். 2024 பிப்ரவரி 15 ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அந்த முகமூடியைக் கிழித்தெறிந்தார்கள். கம்பெனி தருகிற பணம் பதிலுக்கு நன்மை பெறும் எண்ணத்தோடு செய்கிற வியாபாரமே என்று நீதிமன்றமே சொல்லிற்று. 2017 இல் நீக்கிய வரம்பு மீண்டும் உயிர் பெற்றது.

முகமூடிக்குள் என்ன முகம் இருந்தது? அதிகமாகப் பத்திரம் வாங்கியவர் பட்டியலில் முதல் இடம் ஒரு லாட்டரி நிறுவனத்துக்கு: 1,368 கோடி ரூபாய். இரண்டாவது இடம் யாருக்கு? மேகா என்ஜினியரிங் என்ற ஐதராபாத் கட்டுமான நிறுவனத்துக்கு: 966 கோடி. அணை, சுரங்கப்பாதை, குடிநீர்த் திட்டம் என்று அரசாங்க வேலைகளை எடுத்துச் செய்கிற நிறுவனம் அது. வேலைக்கும் பத்திரத்துக்கும் முடிச்சு உண்டா? தனிக்குழு அமைத்து விசாரிக்க வேண்டும் என்று கேட்டுப் போனவர்களின் மனுக்களை 2024 ஆகஸ்டு 2 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே குற்றம் என்று நான் சொல்லவில்லை. குற்றமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் கேட்கிறேன்: அரசாங்க வேலை செய்கிற ஒரு நிறுவனம், 966 கோடி ரூபாயை அரசாங்கம் நடத்துகிறவர்களுக்குத் தருவதற்குச் சட்டத்தில் ஒரு வேலிகூட இல்லையே, அது ஏன்?

எதிரியின் கணக்கை மட்டும் படித்துவிட்டுப் போகிற பேனா அல்ல இது. பாரதிய ஜனதா கட்சி 2019 ஏப்ரல் முதல் 2024 ஜனவரி வரை பத்திரங்கள் வழியாகப் பெற்றது 6,060 கோடி, அது மலை. ஆனால் திராவிட முன்னேற்றக் கழகமும் 656 கோடியே 50 லட்சம் பெற்றது. அதில் 509 கோடி அந்த லாட்டரி நிறுவனத்திடமிருந்து. 105 கோடி மேகா நிறுவனத்திடமிருந்து. இதைக் கண்டுபிடித்துச் சொன்னது பகைவர் அல்லர். கழகமே தேர்தல் ஆணையத்துக்குப் பெயரோடு எழுதிக் கொடுத்தது. பல பெரிய கட்சிகள் பெயர் சொல்ல மாட்டோம் என்றபோது பெயர் சொன்னது நேர்மை. அந்த நேர்மையைப் பாராட்டிவிட்டு, அடுத்த படிக்கும் ஏறு என்று சொல்வதுதான் தொண்டனின் கடமை. கொடுத்தவர் பெயரைச் சொல்வது முதற்படி. கொடுக்கக் கூடாதவரிடம் வாங்காதிருப்பது அடுத்த படி!

கையெழுத்து மட்டும் போடப்பா!

இனித் தொழிலாளிக்கு வருவோம். காண்ட்ராக்டர் தரக் கூடாது என்று நாளை ஒரு சட்டம் வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்? கூலி கொடுக்கும் சனிக்கிழமை மாலை இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

"ஏப்பா, கட்சி நிதிக்கு உன் பேர்ல பதினெட்டாயிரத்துக்கு ரசீது போட்டிருக்கு."

"எம் பேர்லயா முதலாளி? என் கையில ஆயிரம் ரூபா கிடையாதே!"

"நீ ஒண்ணும் குடுக்க வேண்டாம். கையெழுத்து மட்டும் போடப்பா."

"வேற யாரும் கேட்டா என்ன சொல்ல?"

"நான் குடுத்தேன்னு சொல்லு. திங்கட்கிழமை வேலைக்கு வரணும்லா?"

கற்பனைதான். ஆனால் பதினெட்டாயிரம் என்ற தொகையைக் கவனித்தீர்களா? 20,000 ரூபாய்க்கு மேல் தந்தவர் பெயரைத்தான் கட்சிகள் தேர்தல் ஆணையத்துக்கு எழுதித் தர வேண்டும். அதற்குக் கீழே உள்ள பெயர்களுக்கு வெளிச்சம் இல்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கட்சி வரிச் சலுகையை இழக்கும் என்று 2017 இல் ஒரு திருத்தம் வந்தது. 2,000 வரை ரொக்கத்துக்கு வாசல் திறந்தே இருக்கிறது. நூறு தொழிலாளியின் பெயர் கையில் இருந்தால், ஒரு பெரிய தொகையை நூறு சின்னத் தொகையாக நறுக்கிவிடலாம். பணம் முதலாளியுடையது, பெயர் தொழிலாளியுடையது, நாளை விசாரணை வந்தால் வாசலில் நிற்கப் போகிறவனும் தொழிலாளி!

நிதி என்ற பெயரில் கூலியிலிருந்து பிடித்தால்? 1936 ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், எந்தெந்த இனத்துக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்யலாம் என்று ஒரு பட்டியல் போட்டது. அந்தப் பட்டியலில் இல்லாத எதற்கும் பிடிக்கக் கூடாது என்றது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதே முறையைத்தான் பின்பற்றுகிறது. வேலைக்கு வராத நாள் உண்டு, முன்பணம் உண்டு, வைப்பு நிதி உண்டு. கட்சி நிதி என்ற இனம் இல்லை! ஆனால் சனிக்கிழமை மாலை கையில் கொடுக்கிற கூலியில் நூறு ரூபாயைக் குறைத்துவிட்டு, "நிதிக்கு எடுத்திருக்கேன்" என்று சொன்னால், சித்தாள் எந்தச் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவாள்?

காண்ட்ராக்டர் கூலி தராவிட்டால், வேலை கொடுத்த முதன்மை முதலாளியே தர வேண்டும் என்று 1970 ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. சாலை வேலைக்கு முதன்மை முதலாளி யார்? அரசாங்கம்! தன் வேலையைச் செய்கிறவளின் கூலிக்குப் பொறுப்பேற்கிற அரசாங்கம், அவள் கூலியிலிருந்து கட்சிக்குப் பிடிக்கப்படாமல் காக்கிற பொறுப்பையும் ஏற்க வேண்டாமா?

வெளிநாட்டில் என்ன வழி?

அமெரிக்காவைப் பணநாயகம் என்று ஏசுகிறோம். ஏசுவதற்கு நியாயமும் உண்டு. ஆனால் அங்கே 1940 ஆம் ஆண்டிலேயே ஒரு வேலி போட்டார்கள். மத்திய அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்கிறவர், பேச்சு தொடங்கிய நாள் முதல் வேலை முடிகிற நாள் வரை, மத்தியத் தேர்தலுக்காகக் கட்சிக்கோ வேட்பாளருக்கோ பணம் தரக் கூடாது. இது பேச்சுரிமையைப் பறிக்கிறது என்று சிலர் வழக்காடினார்கள். 2015 ஆம் ஆண்டு வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒரே குரலில் தடை செல்லும் என்றார்கள். ஒப்பந்தத்துக்காகப் பணம் தருவதும், பணம் தந்தால்தான் ஒப்பந்தம் என்று மிரட்டுவதும் இரண்டுமே தடுக்கப்பட வேண்டியவை என்பதே தீர்ப்பின் சாரம்.

அந்தக் கம்பெனியின் ஊழியருக்கு என்ன விதி? தம் சொந்தப் பணத்தில் தரலாம். ஆனால் கம்பெனி அதைத் திருப்பித் தரக் கூடாது. ஒருவர் பணத்தை மற்றொருவர் பெயரில் தருவது குற்றம். தரச் சொல்லி நெருக்குவதும் குற்றம். ஊழியரின் உரிமை ஒரு பக்கம், ஊழியருக்குக் காவல் மறுபக்கம். அங்கும் ஓட்டை உண்டு. கம்பெனித் தலைவரும் "ஊழியர்" என்று சொல்லிக்கொண்டு தம் பணத்தை அள்ளித் தரலாம். அந்த ஓட்டையை நாம் இரவல் வாங்க வேண்டாம்; வேலியை மட்டும் வாங்குவோம்.

ஜப்பானியத் தேர்தல் சட்டத்திலும் அரசாங்க ஒப்பந்தக்காரர் தேர்தலுக்குப் பணம் தரத் தடை உண்டு. பிரேசில் பட்டபாடு உலகறிந்தது: பெட்ரோபிராஸ் என்ற அரசு எண்ணெய் நிறுவனத்தின் ஒப்பந்தங்களை வாங்கிய கட்டுமானக் கம்பெனிகள் கட்சிகளுக்குப் பணம் பாய்ச்சிய கதை 2014 முதல் வெளிவந்தது, 2015 செப்டம்பரில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் கம்பெனிகள் தேர்தலுக்குப் பணம் தருவதையே ஒழித்தது. பட்டபின் புத்தி அவர்களுக்கு. பார்த்த பின்னாவது புத்தி நமக்கு வேண்டாமா?

மறுப்புகளும் விடைகளும்

"தடை போட்டால் பணம் கறுப்பாகிப் பாதாளத்தில் ஓடும், 1969 தடைக்குப் பிறகு அதுதானே நடந்தது?" என்பார்கள். நியாயமான கேள்வி. அன்று எல்லாக் கம்பெனிகளையும் தடுத்தார்கள். கட்சிகளுக்கு மாற்று வழி எதையும் காட்டவில்லை. நான் கேட்பது அரசாங்க ஒப்பந்தக்காரருக்கு மட்டும் தடை. மற்றவர் காசோலையில், வரம்புக்குள், பெயரோடு தரட்டும். திருடன் சுவர் ஏறிக் குதிப்பான் என்பதற்காக வாசலுக்குக் கதவே வேண்டாம் என்று யாரும் வீடு கட்டுவதில்லை.

"காண்ட்ராக்டரும் குடிமகன்தானே?" என்பார்கள். ஆம், குடிமகன். வாக்களிக்கட்டும், மேடையேறிப் பேசட்டும். அரசாங்க ஊழியரும் குடிமகன்தான். அவருக்குப் பத்து ரூபாய்க்கே தடை போட்டபோது யார் கண்ணீர் விட்டார்கள்? மேலும் இந்தத் தடை ஆயுள் தண்டனை அல்ல. ஒப்பந்தம் வேண்டாமென்றால் நன்கொடை கொடு. ஒப்பந்தம் வேண்டுமென்றால் நன்கொடையை விடு. இரண்டு கையிலும் லட்டு கேட்காதே!

"ஊராட்சியில் வாய்க்கால் தூர்வாருகிற சின்னக் காண்ட்ராக்டரையும் வாட்டலாமா?" வேண்டாம். இத்தனை லட்சத்துக்கு மேல் என்று சட்டமே ஒரு கோடு போடட்டும்.

"சட்டம் போட்டால் மட்டும் போதுமா?" போதாது! நம் தூத்துக்குடிக்கு ஸ்டெர்லைட் என்ற பெயரைச் சொல்லி நினைவூட்ட வேண்டியதில்லை. ஸ்டெர்லைட், சேசா கோவா ஆகிய வேதாந்தா குழுமக் கம்பெனிகளிடம் காங்கிரசும் பாரதிய ஜனதாவும் வாங்கிய நன்கொடை, அந்நியப் பணத் தடைச் சட்டத்துக்கு விரோதம் என்று 2014 மார்ச் 28 அன்று டில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. என்ன செய்தார்கள்? வாங்கியவர் திருந்தவில்லை, சட்டத்தைத் திருத்தினார்கள்! 2016 இலும் 2018 இலும் நிதி மசோதாக்களுக்குள் செருகி, 1976 ஆகஸ்டு 5 வரை பின்னோக்கிப் போய்க் குற்றத்தைக் குற்றமில்லாமல் ஆக்கினார்கள். ஆகவே சட்டம் வேண்டும். சட்டத்துக்குக் காவலாக விழித்திருக்கிற மக்களும் வேண்டும்.

வேண்டுவது என்ன?

நான்கு வரிகளில் சொல்லிவிடலாம்.

ஒன்று: அரசாங்க ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும் கம்பெனியோ, கூட்டு வியாபாரமோ, தனி ஆளோ, டெண்டர் போட்ட நாள் முதல் வேலை முடிந்து சில ஆண்டுகள் வரை எந்தக் கட்சிக்கும் நன்கொடை தரக் கூடாது. ஆளும் கட்சிக்கும் கூடாது, எதிர்க்கட்சிக்கும் கூடாது.

இரண்டு: முதலாளி, பங்காளி, டைரக்டர் ஆகியோரையும் காண்ட்ராக்டராகவே கருத வேண்டும். சட்டைப்பையை மாற்றினால் பணம் மாறாது.

மூன்று: கூலிக்கும் சம்பளத்துக்கும் வேலை செய்கிறவர் தம் சொந்தப் பணத்தில், தம் விருப்பப்படி தரலாம், அதற்குத் தடையே கூடாது. அவரை நெருக்கினாலும், கூலியில் பிடித்தாலும், அவர் பெயரில் தம் பணத்தை எழுதினாலும் தண்டனை முதலாளிக்கு. பெயர் கொடுக்கும்படி நெருக்கப்பட்டவருக்கு அல்ல. அப்படிச் செய்த காண்ட்ராக்டரைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

நான்கு: யாருக்கு எந்த வேலை, என்ன தொகை என்ற பட்டியலும், யார் எந்தக் கட்சிக்கு எவ்வளவு தந்தார் என்ற பட்டியலும் பக்கத்துப் பக்கத்தில், தமிழில், எவரும் படிக்கும்படி வெளிவர வேண்டும்.

முதல் மூன்றுக்கும் டில்லியின் கதவைத் தட்ட வேண்டும். கம்பெனிச் சட்டமும் தேர்தல் சட்டமும் அங்கே பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் நான்காவதற்கு டில்லியின் தயவு எதற்கு? கலைஞர் முதல்வராக இருந்தபோது, 1998 இல், ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைக்கென்று தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது. டெண்டர் விண்ணப்பத்தோடு என்னென்ன தாள் இணைக்க வேண்டும் என்று விதிப்பது மாநிலத்தின் கையில். "கடந்த ஐந்து ஆண்டுகளில் நானும் என் நிறுவனமும் எந்தக் கட்சிக்கு எவ்வளவு தந்தோம்" என்று ஒரு தாளை அதோடு சேர்க்கச் சொன்னால் வானம் இடிந்து விழாது. பொய் எழுதினால் டெண்டர் ரத்து என்று ஒரு வரியும் சேர்க்கலாம். மாநில உரிமை பேசுகிறவர்கள், கையிலிருக்கிற உரிமையைப் பயன்படுத்திக் காட்டட்டும்!

"அப்படியானால் கட்சியை எதைக் கொண்டு நடத்துவது?" என்று கேட்கிற தோழருக்கு வரலாறே விடை சொல்லும். பசுவந்தனையை உள்ளடக்கிய இதே ஓட்டப்பிடாரம் வட்டத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனார், 1906 இல் வெள்ளைக்காரன் கப்பலுக்கு எதிராகக் கப்பல் விட, 25 ரூபாய்ப் பங்குகளாக நாற்பதாயிரம் பங்கென்று திட்டமிட்டு மக்களிடம் போனார். 1966 ஆம் ஆண்டின் இறுதியில் விருகம்பாக்கம் மாநாட்டில் அண்ணாவின் கையில் கலைஞர் ஒப்படைத்த தேர்தல் நிதி 11 லட்சம் ரூபாய். ஊர் ஊராகத் திரட்டிய பணம் அது. அந்த 11 லட்சத்தோடு களம் இறங்கிய கழகம்தான் 1967 இல் கோட்டையைப் பிடித்தது.

பத்து ரூபாய் போட்டவன் பாலம் கேட்பான், பள்ளிக்கூடம் கேட்பான், மழைக்கு நிற்கிற சாலை கேட்பான். ஊருக்காகக் கேட்பான். பத்துக் கோடி போட்டவன் பில்லைக் கேட்பான். யாருக்குப் பதில் சொல்ல விரும்புகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் யாரிடம் பெட்டியை நீட்டுவது என்பது அமையும்.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சிக் கொடியைப் பிடித்து வந்தாலும் சரி, நம் கட்சிக் கொடியாகவே இருந்தாலும் சரி, வரவேற்று உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, எங்கள் ஊர் வேலையை எடுத்த காண்ட்ராக்டரிடம் உங்கள் கட்சி எவ்வளவு வாங்கியது?"

பதில் சொல்கிறவருக்கு ஓட்டைப் பற்றி யோசிக்கலாம். பதில் சொல்லாதவருக்குத் தண்ணீரோடு சரி!